குறையை அறியுமுன் கழற்றாதீர்



சென்ற பள்ளி விடுமுறை முழுவதும் என் கைகளைவிட்டுக் கியர் எண்ணெயின் வாடை அகலவில்லை. வீட்டு முகப்பில் பழைய நாளிதழ்களை விரித்து, அவற்றின்மேல் பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைக் கண்ட அண்டை வீட்டுப் பெரியவர், "என்ன வாத்தியாரே, பட்டறை தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால், அந்தப் பதினைந்து நாட்களில் நான் கற்றுக்கொண்டது சிரித்துவிட்டு மறந்துபோகக் கூடியது அன்று. அதனை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய சுசுகி ஜிம்னி, எஸ்.ஜே.410 வகை. ஜப்பானில் 1981-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஜிம்னியைச் சேர்ந்தது. 970 சிசி இஞ்சின். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில் இந்தச் சின்ன ஜீப் ஓடாத இடம் இல்லை எனலாம். இதில் கியர் பெட்டிக்குப் பின்னால், அதனோடு ஒட்டாமல் தனியாக, இன்னொரு பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். பட்டறைக்காரர்கள் அதனை 'டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். கியர் பெட்டியிலிருந்து ஒரு குட்டைச் சுழல்தண்டு வழியாக வரும் விசையைப் பெற்று, பின்சக்கரங்களுக்கு மட்டுமோ நான்கு சக்கரங்களுக்குமோ பகிர்ந்தளிப்பது அதன் வேலை.

அந்தப் பெட்டியிலிருந்துதான் சத்தம் வந்தது. அல்லது அங்கிருந்து வந்ததாக நான் நம்பினேன்.

பெட்டியை மாற்றிய கதை

முதலில் 50 கிலோமீட்டர் வேகத்தில் காலடியில் ஓர் உறுமல். பிறகு, வண்டியை நகர்த்தத் தொடங்கும்போது 'டொக்' என்று ஓர் இடி. நான் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "டிரான்ஸ்ஃபர் போச்சு சார். வேற பெட்டி போட்டுடலாம்" என்றார். எப்படித் தெரியும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. விலையைத்தான் கேட்டேன். பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய பெட்டியை மாட்டினார்கள். என் பெட்டியை அவர்களே எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கொஞ்சம் பணத்தைக் கழித்துக்கொண்டார்கள். இலாபம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

சில நாள் உறுமல் அடங்கியிருந்தது. பிறகு அது மெல்லத் தலைகாட்டியது. அதோடு, முன்பு இல்லாத ஓர் ஊளைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு நோய்க்கு மருத்துவம் பார்க்கப் போய் இரண்டு நோய்களோடு திரும்பியவன் நிலைதான் எனக்கு.

அந்த நேரத்தில்தான், 18 ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் மூன்றாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவரை ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். இன்று அவர் கனரக வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார். பேச்சோடு பேச்சாக என் ஜீப்பின் புலம்பலைச் சொன்னேன். மறுவாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கருவிப் பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"சார், ஸ்பேனர் அப்புறம். மொதல்ல சத்தத்தப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

கேள்விகள்

அவர் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நான்கு சக்கர விசை கொண்ட பழைய வண்டி வைத்திருப்போருக்கு இவை பயன்படும்.

முதற்கேள்வி: சத்தம் இஞ்சின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, வண்டியின் வேகத்தைப் பின்பற்றுகிறதா? ஆளற்ற சமதளச் சாலையில் ஓட்டிச் சென்று, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக உருளவிட வேண்டும். இஞ்சின் வேகம் குறைந்தவுடன் சத்தமும் குறைந்தால் குறை இஞ்சின், கிளட்ச், கியர் பெட்டிப் பக்கம் இருக்கலாம். வண்டி உருளும் வேகத்திற்கேற்பச் சத்தம் தொடர்ந்தால், கியர் பெட்டிக்குப் பிந்திய பாகங்களில் தேட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எண்ணெய் மிதியை அழுத்தும்போதும் விடும்போதும் சத்தம் மாறுகிறதா? அப்படித் தெளிவாக மாறினால் டிஃபரென்ஷியலின் பல்சக்கரங்கள்மேல் ஐயம் எழும்.

மூன்றாம் கேள்வி: இடப்பக்கமும் வலப்பக்கமும் வளையும்போது கூடிக் குறைகிறதா? ஆமெனில் சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

நான்காம் கேள்வி: முன்சக்கரக் குடத்தின் பூட்டை விடுவித்தால் சத்தம் நிற்கிறதா? பூட்டிய நிலையில், இரு சக்கர விசையில் ஓடும்போதும் முன்பக்கச் சுழல்தண்டும் முன் டிஃபரென்ஷியலும் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். விடுவித்ததும் சத்தம் நின்றால் குறை முன்பக்கத்தில் என்பது உறுதி.

ஐந்தாவதாக ஒரு சோதனை. இது ஜிம்னி போன்ற வண்டிகளில் மிக எளிது. டிரான்ஸ்ஃபரின் கைப்பிடிக்கும் ஒரு நடுநிலை உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்தக் கைப்பிடியை நடுநிலையில் வைத்து, கியர் பெட்டியை நான்காம் கியரில் இட்டு, கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். வண்டி நகராது. ஆனால், குட்டைத் தண்டும் டிரான்ஸ்ஃபரின் உள்ளீட்டுத் தண்டும் இடைப் பல்சக்கரமும் சுழலும். நான்காம் கியரில் விசை கியர் பெட்டியினூடே நேராகச் செல்வதால் அங்குள்ள பற்கள் பாரம் சுமப்பதில்லை. கேட்கின்ற ஊளை எங்கிருந்து வருகிறது என்பதை அப்போது பிரித்தறியலாம். கைப்பிடியைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கழற்றி, நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பெட்டியின் கூட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக் கேட்டார் அந்தத் தம்பி. இதனை வண்டிக்குள் உட்கார்ந்து, மேலிருந்தே செய்ய வேண்டும். கம்பியும் உடையும் சுழலும் தண்டின் பக்கம் போகக் கூடாது. இஞ்சின் கியரில் ஓடும்போது யாரும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

இத்தனைக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு திருகாணியும் கழற்றப்படவில்லை. அதற்குள் இரண்டு செய்திகள் தெரிந்துவிட்டன. ஊளை, டிரான்ஸ்ஃபரின் உள்ளிருந்து வருகிறது. உறுமலும் இடியும் அந்தச் சோதனையில் கேட்கவே இல்லை. அவற்றுக்கு வேறு காரணம் இருக்கிறது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். பெரும்பாலான நான்கு சக்கர விசை வண்டிகளில் இரு சக்கர விசையில் ஓடும்போது டிரான்ஸ்ஃபரினூடே விசை நேராகப் போய்விடும். எஸ்.ஜே.410-இல் அப்படியன்று. 'ஹை' நிலையிலேயே ஏறத்தாழ 1.58 மடங்கும், 'லோ' நிலையில் ஏறத்தாழ 2.51 மடங்கும் சுழற்சி குறைக்கப்படுகிறது. ஆகவே, எப்போதும் பல்லோடு பல் உரசித்தான் விசை கடக்கிறது. கொஞ்சம் ஊளை அதன் பிறவிக்குணம். எல்லாச் சத்தமும் குறையன்று. இயல்பான சத்தம் எது, வளர்ந்துகொண்டே போகும் சத்தம் எது என்று அறிந்த காதுதான் வேண்டும்.

திறந்தபோது கண்டது

மறுவாரம் பெட்டியை இறக்கினோம். முதலில் எண்ணெயை வடித்தோம். 0.8 லிட்டர் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. வடித்த எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்து வெயிலில் பார்க்கச் சொன்னார். வெறும் சாம்பல் நிறமாக இருந்தால் வழக்கமான தேய்மானம். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மின்னும் துகள்கள் இருந்தால் உள்ளே ஏதோ உதிர்கிறது. எங்கள் எண்ணெய் மின்னியது.

மூன்று சுழல்தண்டுகளின் இணைப்புத் தட்டுகளிலும் வெள்ளைச் சாயத்தால் கோடிட்ட பிறகே திருகாணிகளைக் கழற்றினோம். எது எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்ட வேண்டும் என்பதற்காக. வேகமானியின் கம்பியையும் மின்கம்பியையும் விடுவித்து, ஜாக்கினால் பெட்டியைத் தாங்கி, மூன்று ரப்பர் மவுண்டிங்குகளின் திருகாணிகளைக் கழற்றியபோது ஒரு மவுண்டிங் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. உறுமலுக்கும் இடிக்கும் காரணம் அதுதான். ஒரு பக்கத் தாங்கல் அறுந்ததால் பெட்டி சாய்ந்து, குட்டைத் தண்டின் கோணம் மாறி, அதிர்ந்திருக்கிறது.

பெட்டியைப் பிரித்தோம். கியர் மாற்றும் தண்டுகளை உருவும்போது சிறு எஃகுக் குண்டுகளும் சுருள்வில்களும் எகிறித் தெறிக்கும். பெட்டியைத் துணியால் மூடிக்கொண்டுதான் உருவ வேண்டும். நான் மூடத் தவறினேன். ஒரு குண்டைப் பூந்தொட்டிகளுக்கிடையே தேடி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. இடைப் பல்சக்கரத்தை வெளியே எடுத்ததும் ஊளையின் மூலம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சக்கரம் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங்குகளின்மேல், அசையாத ஒரு தண்டைச் சுற்றிச் சுழல்வது. வழுவழுப்பாக இருக்க வேண்டிய அத்தண்டின் மேனியில் அம்மைத் தழும்புபோல் குழிகள்.

"இத மட்டும் மாத்திட்டா சரியாயிடுமா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆறு மாசத்துக்கு ஆகும் சார். எண்ணெய் ஏன் கொறஞ்சிச்சுன்னு பாக்கலயே" என்றார்.

பின்பக்க ஆயில் சீல் கசிந்திருக்கிறது. சீல் உட்காரும் இணைப்புத் தட்டின் கழுத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். புதுச் சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே எண்ணெய் மறுபடியும் கசியும். எண்ணெய் குறையும், பேரிங் வறளும், தண்டு குழிவிழும், ஊளை கேட்கும். ஊளைக்குக் காரணம் தண்டு; தண்டுக்குக் காரணம் எண்ணெய்; எண்ணெய்க்குக் காரணம் அந்த மயிரிழைப் பள்ளம். ஆகவே, தண்டு, பேரிங்குகள், திரஸ்ட் வாஷர்கள், சீல்கள் ஆகியவற்றோடு அந்த இணைப்புத் தட்டையும் மாற்றினோம். அடைத்துக் கிடந்த காற்றுத் துளையையும் துப்புரவாக்கினோம்.

பேரிங்கைப் பொருத்துவதிலும் ஒரு நெறி உண்டு. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும்; கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். மாறித் தட்டினால் புதுப் பேரிங் அன்றே பழுதாகிவிடும். எல்லாம் பொருத்தி, சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை 80டபிள்யூ-90 கியர் எண்ணெயை ஊற்றினோம். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் வடித்துப் பார்த்தோம். மின்னல் இல்லை. உறுமல் இல்லை. பிறவிக்குணமான மெல்லிய ஊளை மட்டும் இருக்கிறது, அது இருக்கட்டும்.

என் பழைய பெட்டி

வேலை முடிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உறுமலுக்குக் காரணம் அறுந்த மவுண்டிங் என்றால், நான் பட்டறையில் விட்டு வந்த என் சொந்தப் பெட்டியில் என்ன குறை இருந்தது? ஒருவேளை ஒன்றுமே இல்லாதிருக்கலாம். ஒரு ரப்பர்த் துண்டை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கலுக்கு, நல்ல பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கெட்ட பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். இனி அதனை அறியவும் வழியில்லை.

அந்த நினைப்போடு வேறொரு நினைப்பும் வந்தது. எழுதத் தயங்கினேன், ஆனால், எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

18 ஆண்டுகளுக்கு முன்னர் அந்தத் தம்பி என் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன். கரும்பலகையில் எழுதுவதைப் பிழையாகப் பெயர்த்தெழுதுவான், பாதியில் நிறுத்திவிடுவான். நான் அவனைக் கவனக்குறைவானவன் என்று முடிவு கட்டினேன். குறைநீக்கல் வகுப்பிற்கு அனுப்பி வைத்தேன். அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியை அவன் கண்களைச் சோதிக்கச் சொல்லி வற்புறுத்தினார். அவனுக்குக் கிட்டப்பார்வை. கரும்பலகை அவனுக்குத் தெரியவே இல்லை. இன்றும் அவர் தடித்த கண்ணாடி அணிந்துகொண்டுதான் பேரிங்குகளைப் பார்க்கிறார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குறையறி சோதனை பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆனால், ஒரு பிள்ளையிடம், "உனக்குப் பலகை தெரிகிறதா?" என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்கவில்லை. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி போச்சு" என்று சொன்ன பட்டறைக்காரரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

யார் மீது பிழை?

பட்டறைக்காரர்களை மட்டும் பழிப்பது எளிது. சற்று நியாயமாகச் சிந்திப்போம். ஒரு பட்டறைக்காரர் ஒரு மணி நேரம் செலவிட்டு, ஐந்து சோதனைகள் செய்து, "ஐயா, உங்கள் வண்டிக்கு ஒரு ரப்பர் மவுண்டிங் போதும்" என்று சொன்னால் நாம் என்ன கொடுப்போம்? மவுண்டிங்கின் விலையைக் கொடுப்போம். "ஒன்றும் செய்யாமல் பார்த்ததற்கா கூலி?" என்று கேட்போம். பொருளுக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம், கண்டறியும் அறிவுக்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறோம். பெட்டியை மாற்றினால் வருமானம், கண்டறிந்தால் நட்டம் என்று ஆக்கி வைத்துவிட்டு, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்பது முறையாகாது.

பள்ளியிலும் இதே கதைதான். பாடத்தை முடித்தாயா, மதிப்பெண்ணைப் பதிந்தாயா என்று கேட்போர் பலர். ஒரு பிள்ளையின் அருகில் அரைமணி நேரம் அமர்ந்து, எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கித் தருவோர் சிலரே. ஆனால், இதைச் சாக்காகச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. அந்த ஆசிரியைக்கும் என்னைப் போல் அதே கால அட்டவணைதான் இருந்தது.

ஆகவே, என் கருத்து இதுதான். முதலாவதாக, பழுதுபார்ப்பவரிடம் போகும்போது, "எவ்வளவு?" என்று கேட்குமுன், "எப்படித் தெரியும்?" என்று பணிவோடு கேளுங்கள். கண்டறிவதற்குத் தனியாகக் கூலி கொடுக்க முன்வாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பார்க்காமல் விட்டு வராதீர்கள். இரண்டாவதாக, எளிய பழைய வண்டி வைத்திருப்போர் சோதிக்கும் வேலையையாவது தாமே செய்து பழகுங்கள். சோதிப்பதற்குப் புல்லரோ அழுத்தியோ தேவையில்லை. காதும் பொறுமையும் போதும்.

கழற்றும் வேலையை எல்லாரும் வீட்டில் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சங்கிலியால் இயங்குவனவும் மின்னணுவால் கட்டுப்படுத்தப்படுவனவுமான புதிய டிரான்ஸ்ஃபர்களுக்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். பழைய வகையானாலும், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது தற்கொலைக்கு ஒப்பானது. உறுதியான இரும்புத் தாங்கிகள் இல்லையெனில் தொடவே வேண்டாம். மேலும், பழுதாகாமல் காப்பது பழுதுபார்ப்பதைவிட மேல். நடு டிஃபரென்ஷியல் இல்லாத இத்தகைய வண்டிகளைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையில் ஓட்டாதீர்கள். வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள்வதால் பெட்டியின் உள்ளே முறுக்கம் ஏறும். வெள்ளத்தில் இறங்கி ஏறினால் எண்ணெயைச் சோதியுங்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், என் வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவரையும் கடைசி வரிசையில் நிற்க வைத்துப் பலகையில் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். இருவரால் வாசிக்க இயலவில்லை. அன்று மாலையே இருவரின் பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்தேன்.

அந்தத் தம்பியிடம் கூலி எவ்வளவு என்று கேட்டபோது, "சார்கிட்ட எப்படி வாங்குறது?" என்று மறுத்தார். கையில் திணித்தேன். "பெட்டியைக் கழற்றியதற்கு இல்லை தம்பி, முதல் நாள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாயே, அதற்கு" என்றேன். வாங்கிக்கொண்டார்.

சிந்திப்போம்.